கல்லூரிப் பாடங்களை இணையவழிக்கு மாற்ற சக ஆசிரியர்களுக்கு எப்படி உதவுவது?

நீங்கள் கேட்டது இது. வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். ஒரு பிளாக்கை இடித்துக் கட்டப் போவதால், அடுத்த செமஸ்டரில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டிலிருந்தே வகுப்பு என்று முடிவாகிவிட்டது. "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்தானே, நீங்களே பாத்துக்கோங்க" என்று முதல்வர் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார். ஆறு வாரம், நாற்பது ஆசிரியர்கள். எந்த ஆப் நல்லது, இரண்டு நாள் பயிலரங்கு போதுமா, "எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்கிற சீனியர்களை என்ன செய்வது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது நாலாவது ஒன்று என்று தோன்றுகிறது: 2020இல் நடந்த கூத்து மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? என் பதிலில் பெரும்பகுதி அதற்குத்தான்.

நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, பிறகு மற்ற ஆசிரியர்கள் தங்கள் பாடத்தை இணையத்துக்குக் கொண்டுபோக உதவும் பிரிவில் வேலை பார்த்தவள். கலை, அறிவியல், வணிகவியல் வரை என்னால் பேச முடியும். நர்சிங் மாதிரி நோயாளி பக்கத்தில் நின்று கற்க வேண்டிய படிப்புகள் என் எல்லைக்கு வெளியே. வேலூரில் அதைச் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமும் இல்லை.

ஆப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது முக்கியம் இல்லை. கல்லூரியின் சொந்த டொமைனில் கூகுள் மின்னஞ்சல் இருந்தால் பாடங்களை ஏற்றி வைக்க கிளாஸ்ரூமும் நேரலை வகுப்புக்கு மீட்டும் போதும். இலவசக் கல்விப் பதிப்பில் மீட் வகுப்பைப் பதிவு செய்ய முடியாது என்பதை மட்டும் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே உங்களுக்கு நாற்பது போன் வரும். பாடம், கேள்வி, மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நடத்துகிற மூடுல் மென்பொருள் இதைவிட வலுவானது. 2002 முதல் இருக்கிறது, காசு கிடையாது, போனில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் படிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு சர்வர் வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆறு வாரத்தில் வேண்டாம். எதை எடுத்தாலும் கல்லூரி முழுக்க ஒன்றே இருக்கட்டும். தமிழ்த்துறை வாட்ஸ்அப்பில், வணிகவியல் ஜூமில், கணிதம் டெலிகிராமில் என்று ஆளுக்கொரு பக்கம் போனால், எந்தப் பாடம் எங்கே கிடக்கிறது என்று தேடுவதிலேயே பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும்.

இப்போது 2020க்கு வருவோம். மார்ச் 25இல் ஊரடங்கு வந்ததும் எல்லாரும் செய்தது, டைம்டேபிளை அப்படியே தூக்கி மீட்டில் வைத்ததுதான். காலை ஒன்பதரைக்கு முதல் ஹவர், பத்தரைக்கு இரண்டாவது ஹவர். வேறு வழி இல்லாத நேரம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மாதத்திலேயே அமெரிக்காவில் இணையவழிக் கல்வித் துறை ஆட்கள் சிலர் சேர்ந்து, இந்த அவசர ஏற்பாட்டையும் முறையாகத் திட்டமிட்ட இணையவழிப் படிப்பையும் ஒன்றாக எண்ணாதீர்கள் என்று எழுதினார்கள். ஒரு பாடத்தை முழுக்க இணையவழிக்குத் தயாரிக்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. உங்களுக்கு இருப்பது ஆறு வாரம், மாற்ற வேண்டியதோ வாரத்தில் இரண்டு நாள். அதனால் ஐந்து யூனிட்டையும் இப்போதே முடித்துவிட ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் முதல் இரண்டு யூனிட் ஒழுங்காகத் தயாராகட்டும். மீதியைச் செமஸ்டர் ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று, டேட்டா கணக்கு. வினாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் சுமாரான வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி தின்னும். ஐந்து மணி நேர வகுப்புக்கு ஒரு ஜிபிக்கு மேல். தினம் ஒன்றரை ஜிபி பிளானில் ஓடும் ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்குபோடும் வீட்டில் இது நடக்காது. அதே ஒரு மணி நேரம் 64 கிலோபிட் ஆடியோவாக இருந்தால் 29 எம்பிக்குள் முடிந்துவிடும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது. அந்த கார்டு இப்போது யார் கையிலும் இல்லை. ஆனால் உங்களுக்கு அப்போது இல்லாத வசதி ஒன்று இருக்கிறது: மீதி நாட்களில் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். வீட்டு நாட்களுக்கான ஆடியோ, பிடிஎப், சின்ன வீடியோ எல்லாவற்றையும் வெள்ளி, சனிக்கிழமைகளில் கல்லூரி வைஃபையிலேயே போனில் இறக்கிக்கொள்ளட்டும். நேரலை வகுப்பைச் சந்தேகம் கேட்க மட்டும் வையுங்கள், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரம் எது என்று டைம்டேபிள் கமிட்டி முடிவு செய்யக் கூடாது. முதலில் மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள், அதுவும் காகிதத்தில், வகுப்பறையில். கூகுள் ஃபார்மில் கேட்டால் நெட் உள்ளவர்கள்தான் பதில் போடுவார்கள், உங்களுக்குத் தெரிய வேண்டியது மற்றவர்களைப் பற்றி. போன் யாருடையது, அது எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும், வீட்டில் எந்த இடத்தில் டவர் கிடைக்கும், கல்லூரி இல்லாத நாளில் வேலைக்குப் போவாயா. இந்த நான்கு போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் நாள் நம் ஊரில் பல குடும்பங்களில் கூலி கிடைக்கும் நாள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பையன்கள் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பெண்பிள்ளைகள் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். ஒடுகத்தூருக்கு மேலே மலைக்கிராமங்களிலிருந்து வருபவர்களுக்குப் பிரச்சினையே வேறு. இதெல்லாம் தெரிந்த பிறகு சந்தேக வகுப்பை இரவு ஏழரைக்கு வைக்கலாமா, காலை ஏழுக்கா என்று முடிவெடுங்கள். பீடி சுற்றுகிற பிள்ளை ஆடியோவைக் கேட்டுக்கொண்டே சுற்றும், வீடியோவைப் பார்க்க முடியாது. பாடம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

பயிலரங்கைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாரையும் செமினார் ஹாலில் உட்கார வைத்து, புரொஜெக்டரில் பட்டன்களைக் காட்டி, டீ, சமோசா, சான்றிதழ். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். பட்டன்களுக்கு துறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். மிச்ச நேரத்தில் ஒவ்வொரு ஆசிரியர் பக்கத்திலும் அவருடைய ஒரு யூனிட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நாற்பது பேரோடும் உங்களால் முடியாது. துறைக்கு இரண்டு பேராக, தாமாகவே முன்வருகிறவர்களோடு முதல் மூன்று வாரம் உட்காருங்கள், அவர்கள் மற்றவர்களோடு உட்காருவார்கள். உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். இந்த யூனிட் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும், வழக்கமாக எங்கே சறுக்குவான், சறுக்கினான் என்று உங்களுக்கு எப்படித் தெரியவரும் என்று கேளுங்கள். இருபது வருடம் பாடம் எடுத்தவர் முதல் இரண்டுக்கும் சளைக்காமல் பதில் சொல்வார். மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பார். "மூஞ்சியப் பாத்தா தெரியும்" என்பார். மூஞ்சி தெரியாத இடத்தில் என்ன செய்வது என்பதிலிருந்துதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வணிகவியல் பேராசிரியரைச் சொல்கிறேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. "ஏம்மா, போர்டு இல்லாம எனக்கு அக்கவுண்ட்ஸ் வராது. பிபிடி போடச் சொன்னா நான் லீவு போட்டுடறேன்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கணக்கு வரிவரியாக வளர வேண்டும், ஸ்லைடில் பொத்தென்று முழுதாக வந்து விழக்கூடாது. அதனால் போர்டையே மேசைக்குக் கொண்டுவந்தோம். இரண்டு பக்கமும் பழைய பைண்டு வால்யூம்களை அடுக்கி, குறுக்கே ஓர் அகலமான ஸ்டீல் ஸ்கேல், அதன்மேல் கேமரா கண் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும்படி போன், மேலே ரப்பர் பேண்ட். கீழே ஏ4 தாள், பால்பாயிண்டுக்குப் பதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா. கை நிழல் எழுத்தின் மேல் விழாமல் இருக்க விளக்கு இடது பக்கம். நடுவில் யாராவது கூப்பிட்டால் பதிவு நின்றுவிடும் என்பதால் போன் ஃபிளைட் மோடில். ஃபேனையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தாள் பறக்கும், சத்தமும் ஏறும். வேலூர் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவது தனித் தவம். அதனால் காலை ஆறரைக்கே பதிவை முடித்துவிடுவார்.

புதுக் கூட்டாளி சேர்ப்பு பாடம். மறுமதிப்பீட்டுக் கணக்குக்குக் கோடு போட்டுவிட்டு, "கட்டடத்தோட மதிப்பு 20,000 கூடுது. எந்தப் பக்கம்? டெபிட்டா, கிரெடிட்டா? நிறுத்திட்டு எழுதி அனுப்பு" என்று சொல்லி அந்த வீடியோவை அங்கேயே முடித்தார். ஃபார்மில் ஒரே ஒரு கேள்வி. வந்த பதில்களில் பாதிக்கு மேல் டெபிட். சொத்து கூடினால் டெபிட் என்று பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்தது கட்டடக் கணக்குக்குப் பொருந்தும். மறுமதிப்பீட்டுக் கணக்கில் அந்த உயர்வு பழைய கூட்டாளிகளுக்கு லாபம், ஆகவே கிரெடிட். அவர் அந்தப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளாஸ்ல முதல் பெஞ்சுல நாலு பேரு 'கிரெடிட் சார்'னு கத்துவானுங்க. எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுன்னு நானும் அடுத்த ஐட்டத்துக்குப் போயிடுவேன்" என்றார். அடுத்த வீடியோவை அந்தத் தவறிலிருந்தே ஆரம்பித்தார். அதன்பிறகு அவர் துறையில் நான் யாரையும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

சீனியர்கள் மறுப்பதற்கு தொழில்நுட்ப பயம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனதில் வேறு பயங்கள் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பதிவு செய்த வீடியோவை வெட்டி எவனாவது மீம் போடுவான் என்பது ஒன்று. வீடியோ கைக்கு வந்துவிட்டால் நிர்வாகத்துக்கு நாம் எதற்கு என்பது இன்னொன்று. தற்காலிகமாக, மணிக்கணக்குச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பயம் நியாயமானதும்கூட. ஆறுதல் வார்த்தை இங்கே உதவாது, முதல்வரிடமிருந்து எழுத்தில் ஓர் ஆணை வாங்குங்கள். பதிவு ஆசிரியருக்கே சொந்தம், செமஸ்டர் முடிந்ததும் அவர் நீக்கிவிடலாம், அவர் ஒப்புதல் இல்லாமல் வேறு வகுப்புக்குப் போடக் கூடாது, வீட்டு நாட்களும் பணிநேரத்தில் சேரும். கடைசி வரி ரொம்ப அவசியம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். பத்து நிமிடப் பதிவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மணி நேர வேலையை யாரும் தானாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயிற்சி வகுப்புகளில் யாரும் பேசாத ஒன்று, மொழி. நம் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்கள் பெயருக்கு ஆங்கில வழி. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, தமிழில் நாலு வரி விளக்குவார். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை அந்த நாலு வரியில்தான் பிழைக்கிறது. பாடம் இணையத்துக்குப் போகும்போது அந்த நாலு வரி முதலில் காணாமல் போகும். கிளாஸ்ரூமில் ஏறுவது ஆங்கில பிடிஎப், ஆங்கில ஸ்லைடு. பதிவாகிறது என்றாலே சிலர் தமிழை விட்டுவிட்டு மேடை ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், யாராவது கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று. வகுப்பில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து ஆசிரியர்கள் நடுவில் ஓர் உருது வார்த்தையையும், குடியாத்தம் பக்கத்தவர்கள் தெலுங்கையும் போட்டுப் புரியவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பதிவில் வரட்டும்.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதில் உறுதியாகப் பேச முடியாது. ஆறு நிமிடம் என்று எல்லாரும் சொல்வதன் வேர், எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் பார்வைத் தரவுகளை வைத்து 2014இல் வந்த ஓர் ஆய்வு. அதில் இருந்தவர்கள் தாமாகச் சேர்ந்து தாமாக விலகக்கூடிய உலகளாவிய கற்போர். பல்கலைத் தேர்வு எழுதியே ஆக வேண்டிய நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். குட்டிக் குட்டியாகப் பதிவு செய்தால் இறக்குவதும் தவறைத் திருத்துவதும் சுலபம், அந்தக் காரணத்துக்காகவே பத்து நிமிடத்துக்குள் நிறுத்தச் சொல்வேன். ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில் தெளிவாக வந்தது. ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். இதைச் சொன்னால் ஆசிரியர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள், தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படிக்கிற கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஆயிற்றே.

மதிப்பெண் விஷயத்தில் என் கருத்து சுருக்கமானது. திருவள்ளுவர் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் பெரும்பாலான தாள்களுக்கு அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. அந்த 75 எப்படியும் ஹாலில்தான் நடக்கும். 25க்காக வீட்டில் கேமராவை வைத்துக் காவல் காக்காதீர்கள், காப்பி அடிக்கிறவனை அதனால் நிறுத்தவும் முடியாது. உள்தேர்வைக் கல்லூரி வரும் நாளில் காகிதத்தில் வையுங்கள். வீட்டுக் கேள்விகளுக்கு, எழுதி அனுப்பினாலே மதிப்பெண். நேரலையில் எல்லாரும் கேமராவை ஆன் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் பின்னால் யார் குளித்துவிட்டு வருகிறார்கள் என்று பிள்ளைக்குத்தான் தெரியும். டேட்டாவும் மிச்சம்.

செய்முறை வகுப்புகளைத் தொடவே தொடாதீர்கள். வேதியியல் லேபில் டைட்ரேஷன் செய்யும்போது அந்தக் கடைசிச் சொட்டைக் கையால்தான் பழக வேண்டும். லேப் முழுவதையும் கல்லூரி நாட்களுக்கு நகர்த்திவிட்டு, அதற்குப் பதிலாக தியரியை வீட்டு நாட்களுக்கு அனுப்புங்கள். சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் மத்திய அரசின் விர்ச்சுவல் லேப்ஸ், கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் சிமுலேஷன்கள் எல்லாம் லேபுக்கு முந்தின நாள் பார்த்துவிட்டு வர நல்லவை, லேபுக்குப் பதில் ஆகாது. "என்பிடெல்ல எல்லாம் இருக்கே, லிங்க்கைப் போட்டுட்டா போச்சு" என்று ஒருவராவது சொல்வார். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணைய விரிவுரைத் தொகுப்பு அது, 2003 முதல் சேர்ந்த அருமையான சரக்குதான், ஆனால் ஒரு மணி நேர ஆங்கில விரிவுரையின் லிங்க்கை வெறுமனே போட்டால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எதைக் கண்டுபிடிப்பதற்காகப் பார்க்க வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி சேர்த்துப் போடட்டும்.

பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு லாபமா நஷ்டமா என்பதில் எனக்கே இரண்டு மனம். கூச்சத்தில் வகுப்பில் வாயே திறக்காதவர்கள் எழுத்தில் கேள்வி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் கவனிக்காமல் மெதுவாகக் கழன்றுகொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையை ஆப் எதுவும் பிடிக்காது. அதற்கு இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, பெயர் சொல்லிப் போன் பண்ணத்தான் வேண்டும்.

முதல் வீட்டு வாரத்தில் புதுப் பாடம் எதையும் வைக்காதீர்கள். ஏற்கெனவே நடத்தியதிலிருந்து ஓர் ஆடியோ, ஒரு கேள்வி, அரை மணி நேர நேரலை, அவ்வளவுதான். வகுப்புக்கு இரண்டு மாணவர்களை உதவிக்குப் போட்டு, "வாய்ஸ் கட் ஆகுது", "உள்ள போக மாட்டேங்குது" எல்லாம் அவர்கள் நம்பருக்குப் போகட்டும். பதில் வராதவர்கள் பட்டியலை செவ்வாய் இரவே துறைத்தலைவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். புதன்கிழமை அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் மற்றவர்கள் முன்னால் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேட்கச் சொல்லுங்கள். போனே இல்லை என்று தெரிந்தால் அச்செடுத்த தாளையே கையில் கொடுத்து அனுப்புங்கள். அதற்கான ஜெராக்ஸ் செலவை இப்போதே முதல்வரிடம் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.